நடுவில் வைத்த பொருள்: குன்றாண்டார்கோவில் வட்டாரமும் சமயங்களுக்கிடையிலான உரையாடலும்

1. கேள்வி

குன்றாண்டார்கோவில் புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் வட்டத்தில் உள்ள சிற்றூர். ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்கே பெயர் கொடுத்த ஊர். குன்றைக் குடைந்து 8ஆம் நூற்றாண்டில் எடுக்கப்பட்ட சிவன் கோயிலும், பிற்காலத்தில் அதன் முன்னால் குதிரைகள் இழுக்கும் தேரைப்போல எழுப்பிய நூற்றுக்கால் மண்டபமும் அதன் அடையாளங்கள். பழைய கல்வெட்டுகள் இவ்வூரைத் திருக்குன்றக்குடி என்கின்றன. இதைச் சுற்றியுள்ள நிலப்பரப்பில் சமயங்களின் தடம் பதியாத பாறை அரிது. மலையடிப்பட்டியில் ஒரே குன்றில் சிவனுக்கும் திருமாலுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைகள் உள்ளன. செட்டிப்பட்டியில் சமணப் பள்ளியின் சிதைவுகள் கிடக்கும் இடத்துக்கு மக்கள் வைத்த பெயர் சமணர்குண்டு. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களின் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்தும் இருக்கின்றன. அதே குன்றில் உள்ள அறிவர் கோயிலை 9ஆம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்தான். ஆவூரில் பூசே பாதிரியார் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய கத்தோலிக்கத் தலமும் 1747இல் எழுந்த தேவாலயமும் உண்டு. வீரமாமுனிவரும் அங்கே பணியாற்றியதாக மாவட்ட வரலாறு குறிக்கிறது. திருமயம்–மதுரை சாலையில் உள்ள காட்டுபாவா பள்ளிவாசலுக்கு இசுலாமியரும் இந்துக்களும் நேர்ந்துகொண்டு வருகிறார்கள்.

இந்த இடங்களை வரிசையாகச் சொல்லிமுடித்ததும் வழக்கமாக ஒரு முடிவு வந்துவிடுகிறது: இம்மண் காலங்காலமாகச் சமய நல்லிணக்கத்தின் விளைநிலம். சுற்றுலாக் கையேடுகளும் மேடைப் பேச்சுகளும் பாடநூல்களும் இதை மறுக்காமல் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. இக்கட்டுரை அந்த முடிவை ஒரு கேள்வியாக மாற்றிப் பார்க்கிறது. பல சமயத்தார் அருகருகே இருந்தார்கள் என்பதற்குக் கல் சான்று தருகிறது. அவர்கள் ஒருவரோடொருவர் பேசினார்களா? பேசினார்கள் என்றால் எந்த நிலையில் அந்தப் பேச்சு பகைமையாகத் திரியாமல் நட்பாக நின்றது? கடவுளே இல்லை என்பவருக்கு அந்தப் பேச்சில் இடம் இருந்ததா?

என் வாதத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். சமயத்தைப் பற்றிய பேச்சு சமயத்தை மட்டுமே பொருளாகக் கொள்ளும்போது அது வாதாகவோ மதம் மாற்றும் முயற்சியாகவோ முடிந்திருக்கிறது. இரு தரப்பும் தமதென்று கருதும் இன்னொரு பொருளை நடுவில் வைத்தபோதுதான் நட்பான உரையாடல் நிலைத்திருக்கிறது. அதை நடுப்பொருள் என்று அழைக்கிறேன். தமிழ்நாட்டில் அந்த நடுப்பொருள் பெரும்பாலும் மொழியாகவோ சாதியாகவோ இருந்திருக்கிறது.

2. கல் சொல்வதும் சொல்லாததும்

முதலில் கல்லின் சாட்சியத்தை எடை போடலாம். மலையடிப்பட்டிச் சிவன் குடைவரையைப் பல்லவன் தந்திவர்மனின் 16ஆம் ஆட்சியாண்டில் முத்தரையர் குலத் தலைவன் குவாவன் சாத்தன் குடைவித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. பக்கத்தில் பள்ளிகொண்ட பெருமாளின் குடைவரை. இரண்டையும் ஒருசேரப் பார்ப்பவருக்குச் சைவமும் வைணவமும் கைகோத்து நிற்பதுபோலத் தோன்றும். ஆனால் குடைவரை என்பது ஆட்சியாளரின் பொருளும் தச்சரின் உழைப்பும் சேர்ந்து எழுவது. யார் கொடுத்தார், எவ்வளவு நிலம் விட்டார் என்பதைக் கல்வெட்டு பதிவுசெய்யும். இங்கே வழிபட்டவர் அங்கே வழிபட்டவரிடம் என்ன கேட்டார், என்ன மறுமொழி பெற்றார் என்பது அதன் வேலை அல்ல.

இதற்கு நேர் எதிரான சாட்சியம் திருமயத்தில் இருக்கிறது. அங்கும் ஒரே குன்றின் சரிவில் சத்தியகிரீசுவரர் குடைவரையும் சத்தியமூர்த்திப் பெருமாள் குடைவரையும் அருகருகே உள்ளன. கோயில் வருவாய் குறித்து இரு தரப்புக்கும் நெடுங்காலமாக நீடித்த வழக்கு 1245இல் போசளத் தண்டநாயகன் அப்பண்ணன் முன்னிலையில் தீர்க்கப்பட்டதைக் கல்வெட்டே பதிந்திருக்கிறது. அருகில் இருந்ததாலேயே அவர்களுக்குள் பூசல் வளர்ந்தது. அதைத் தீர்க்கப் படைத்தலைவன் ஒருவன் வர வேண்டியிருந்தது. இந்த ஆவணத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அடிதடியில் முடியக்கூடியது உடன்படிக்கையில் முடிந்தது பெரிய விஷயம். ஆனால் உடன்படிக்கை வேறு, உரையாடல் வேறு. வருவாயைப் பங்கிட்டுக்கொண்டபின் இரு தரப்பும் பேசாமலே பல நூற்றாண்டுகள் வாழ்ந்துவிட முடியும்.

நார்த்தாமலை மேலமலையில் உள்ள குடைவரை மூன்றாவது வகைச் சான்று. உள்ளே திருமாலின் பன்னிரண்டு புடைப்புச் சிற்பங்கள் நிற்கின்றன. ஊரார் அதைச் சமணர்குடகு என்றே அழைக்கிறார்கள். சமணப் பள்ளியாக இருந்தது விண்ணகரமாக மாறியதன் நினைவு அந்தப் பெயரில் மட்டும் தங்கியிருக்கிறது. மாற்றம் இணக்கத்தோடு நடந்ததா, சமணர் ஊரைவிட்டு நீங்கியபின் வெறுமையாகக் கிடந்த இடம் எடுத்துக்கொள்ளப்பட்டதா, வலுக்கட்டாயம் இருந்ததா என்பதைப் பன்னிரண்டு சிற்பங்களும் சொல்லப்போவதில்லை. இதை நல்லிணக்கத்தின் சான்றென்று காட்டுவோரும் சமண ஒழிப்பின் சான்றென்று காட்டுவோரும் கல்லில் இல்லாததைப் படிக்கிறார்கள்.

காட்டுபாவா பள்ளிவாசலில் நேர்த்திக்கடன் செலுத்தும் இந்துப் பெண்ணின் செயல் இவற்றிலிருந்து வேறுபட்டது, இவற்றைவிட உயிருள்ளது. அங்கே எல்லை உண்மையிலேயே கடக்கப்படுகிறது. எனினும் அதுவும் பேச்சின் வழியாகக் கடக்கப்படுவதில்லை. அவள் அவ்லியாவிடம், அதாவது இறைநேசரிடம், பேசுகிறாள். இசுலாமியரிடம் அவருடைய நம்பிக்கையைப் பற்றிப் பேச வேண்டிய தேவை அவளுக்கு இல்லை. இத்தகைய பகிர்வு எவ்வளவு மதிப்புடையதாயினும் அது முறியும் நாளில் அதைத் தாங்கிப்பிடிக்கச் சொற்கள் இருப்பதில்லை. உரையாடலின் தேவை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

3. வாதும் வினாவும்

தமிழில் சமயப் பேச்சின் பழமையான விதி மணிமேகலையில் கிடைக்கிறது. புகாரில் இந்திரவிழா அறிவிக்கப்படும்போது, சமயவாதிகள் முறையறிந்து பட்டிமண்டபம் ஏற வேண்டும் என்றும், பகைவரோடுகூடச் சினமும் பூசலும் கொள்ளாமல் விலக வேண்டும் என்றும் முரசறைவோன் சொல்கிறான். கருத்தில் உடன்பட வேண்டும் என்று அந்த அறிவிப்பு கேட்கவில்லை. மேடையில் எப்படி ஏறுவது, எப்படி இறங்குவது என்பதை மட்டுமே வரையறுக்கிறது. அதே காப்பியத்தில் வஞ்சி மாநகரில் மணிமேகலை பத்துச் சமயக் கணக்கர்களிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். சைவவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகர், நிகண்டர் என்று தொடரும் அந்த வரிசையில் கடவுளையும் மறுபிறப்பையும் மறுக்கும் பூதவாதியும் இருக்கிறார். நம்பாதவரும் சமயக் கணக்கருள் ஒருவராக எண்ணப்பட்டார் என்பதை நம் காலத்துச் சமய நல்லிணக்க மேடைகள் கவனிக்க வேண்டும். அங்கே மூன்று மதத் தலைவர்களுக்கு நாற்காலி போடப்படுகிறது, நாத்திகருக்குப் போடப்படுவதில்லை.

ஆயினும் மணிமேகலையை உரையாடலின் முன்மாதிரியாகக் கொள்வதில் சிக்கல் இருக்கிறது. அவள் கேட்பது ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுப் பௌத்தத்துக்கு வந்து சேர்வதற்காகத்தான். பூதவாதியை மட்டும் நகைத்து மடக்குகிறாள்: கண்ணால் கண்டதை மட்டுமே ஏற்பாய் என்றால் உன் தாய்தந்தையரை எப்படி அறிந்தாய் என்பது அவள் கேள்வி. பிற்காலத்து நீலகேசியில் இந்தப் போக்கு முழுமையடைகிறது. சமணத் துறவி ஊர் ஊராகச் சென்று பௌத்தரையும் பிறரையும் வெல்கிறாள். எதிரியின் தோல்விதான் கதையின் நடை. பெரியபுராணத்தில் ஞானசம்பந்தர் மதுரையில் நடத்தும் அனல்வாதமும் புனல்வாதமும் தோற்றவர் கழுவேறுவதில் முடிகின்றன. அக்கழுவேற்றம் நடந்ததற்குச் சமகாலச் சான்று இல்லை என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். நடந்ததோ இல்லையோ, சமயப் பேச்சு எங்கே போய் முடியும் என்பது குறித்த ஒரு கற்பனை தமிழ் நினைவில் வேரூன்றியிருப்பதற்கு அது சான்று.

ஐரோப்பியர் வந்தபின் உருவான பேச்சு வேறு வடிவம் கொண்டது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி பிராமணரோடு தத்துவம் பேசினார். ஆவூரில் தங்கிய பூசே பாதிரியார் இந்தியரின் நம்பிக்கைகளைக் கேட்டறிந்து, அவ்ராஞ்சு ஆயர் உவே என்பவருக்கு நீண்ட கடிதம் எழுதினார். கூர்ந்து கேட்டவர் எழுதிய கடிதம்தான் அது. ஆனால் இந்தியர் தம் சமயக் கருத்துகளை மோசேயின் நூல்களிலிருந்து பெற்றனர் என்று நிறுவுவதே அதன் நோக்கம். எதிரில் இருப்பவர் சொல்வதில் தன் நூலின் எதிரொலியை மட்டுமே கேட்கும் செவி அது. அதைப் பொய்யென்று தள்ள வேண்டியதில்லை. குன்றாண்டார்கோவில் வட்டாரத்தோடு தொடர்புடைய மிகப் பழைய சமய ஒப்பீட்டு எழுத்துகளில் ஒன்றாகப் படிக்கலாம், அதன் எல்லையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தரங்கம்பாடியில் சீகன்பால்கும் குருண்ட்லரும் இதைவிட ஓர் அடி முன்னே போனார்கள். 1712க்கும் 1714க்கும் இடையில் தமிழரிடம் கேள்விகளை எழுதிக் கேட்டு, வந்த மறுமொழிக் கடிதங்களை மொழிபெயர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். கேள்வி கேட்பவர் ஒருவராகவும் பதில் சொல்பவர் ஒருவராகவும் நின்ற அந்த ஏற்பாடு சமமானதல்ல. கேள்விகளின் அடியில் மதமாற்ற நோக்கமும் இருந்தது. இருந்தும் பதிலளித்த தமிழர் தம் ஒழுக்கத்தையும் வழிபாட்டையும் விளக்கி, கிறித்தவர்களின் நடத்தை குறித்த தம் குறையையும் மறைக்காமல் எழுதினார்கள். கேட்டவர்கள் அதை வெட்டியெறியாமல் தம் நாட்டாருக்குப் படிக்கக் கொடுத்தார்கள். மறுப்பைப் பதிவுசெய்து பாதுகாத்தது அந்த முயற்சியின் மிகச் சிறந்த பகுதி என்பது என் மதிப்பீடு.

யாழ்ப்பாணத்தில் நடந்தது இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. சைவரான ஆறுமுக நாவலர் மெதடிஸ்ட் பாதிரியார் பீட்டர் பெர்சிவலோடு சேர்ந்து விவிலியத்தைத் தமிழாக்கினார். பெர்சிவலுக்கு நல்ல தமிழ் வேண்டியிருந்தது, நாவலருக்கு அது இருந்தது. சொல்லைத் தேர்ந்து தேர்ந்து பல ஆண்டுகள் இருவரும் ஒரே மேசையில் உழைத்தார்கள். 1848இல் நாவலர் விலகிச் சென்று மிஷனரிகளுக்கு எதிராகச் சைவத்தைக் காக்கும் பெரும் பணியைத் தொடங்கினார். இதை நட்பின் தோல்வி என்பார் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமிழ் என்ற நடுப்பொருள் இருந்தவரை நம்பிக்கை வேறுபாடு அவர்களைப் பிரிக்கவில்லை. அந்தப் பணி முடிந்ததும் அவரவர் நம்பிக்கை அவரவருடன் முழுமையாக நின்றது. பெர்சிவலோடு பழகியதால் நாவலரின் சைவம் சற்றும் நீர்த்துப்போகவில்லை.

4. மடமும் கழகமும்

கடவுளை நம்புபவருக்கும் மறுப்பவருக்கும் இடையிலான நட்பான உரையாடலுக்கு 20ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தில் மிக நன்கு அறியப்பட்ட சான்று குன்றக்குடி அடிகளாருக்கும் (1925–1995) பெரியார் ஈ.வெ.இராமசாமிக்கும் (1879–1973) இடையில் இருந்த உறவு. அடிகளாரின் ஊர், குன்றாண்டார்கோவிலின் பழம்பெயரையே தாங்கிய இன்னொரு குன்றக்குடி, காரைக்குடிக்கு அருகில் இருக்கிறது. இளம் வயதில் அங்குள்ள திருவண்ணாமலை ஆதீனத்தின் தலைவரான அடிகளார், நாத்திகப் பரப்புரைக்கு மறுமொழியாகவே அருள்நெறித் திருக்கூட்டத்தைத் தொடங்கினார். உறவின் தொடக்கம் எதிர்ப்பு. 1953இல் பெரியார் பிள்ளையார் சிலை உடைப்புப் போராட்டம் நடத்தினார். 1956இல் இராமன் பட எரிப்பு. சைவ மடத்தின் தலைவர் ஒருவருக்கு இவை எவ்வளவு வலியைக் கொடுத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டுகளிலேயே இருவரும் நெருங்கினார்கள் என்பதுதான் ஆராயத்தக்கது.

இருவரையும் சேர்த்து வைத்தது எது? பொதுவாகச் சொல்லப்படும் விடை பெருந்தன்மை. பெரியார் மடத்துக்கு வந்தபோது அடிகளார் அளித்த திருநீற்றை மறுக்காமல் ஏற்றுக்கொண்டார் என்ற செய்தி பல வடிவங்களில் பரவியிருக்கிறது. பொது மேடையில் கடவுள் வாழ்த்துப் பாடும்போது முதுமையிலும் பிறரைப் பிடித்துக்கொண்டாவது எழுந்து நிற்பார் என்றும், அடிகளாரை மகாசந்நிதானம் என்றே விளிப்பார் என்றும் அவரோடு பழகியோர் சொல்லியிருக்கிறார்கள். பண்பு பெரிது, ஐயமில்லை. ஆனால் பண்பு ஒரு சந்திப்பை இனிமையாக்கும். இருபது ஆண்டு உறவைத் தாங்குவதற்கு அது போதாது. அதற்கு இருவரும் சேர்ந்து கவலைப்பட ஒன்று வேண்டும்.

அந்த ஒன்று இங்கே தெளிவாகவே இருந்தது. சாதியின் பெயரால் மனிதர் கருவறைக்கு வெளியே நிறுத்தப்படுவதைப் பெரியார் தன்மான இழிவாகக் கண்டார். அடிகளார் அதைச் சைவத்துக்கே நேர்ந்த இழிவாகக் கண்டார். தமிழில் வழிபாடு வேண்டும் என்பது ஒருவருக்கு மொழி உரிமை, மற்றவருக்குத் திருமுறையின் உரிமை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் ஓர் ஆதீனகர்த்தர் கலந்துகொண்டு கைதானார் என்பதை நினைத்தால் நடுப்பொருளின் ஆற்றல் விளங்கும். ஒரே கோரிக்கைக்கு இருவரும் வெவ்வேறு காரணம் சொன்னார்கள். அந்தக் காரணங்களை ஒன்றாக்கிக் காட்ட எவரும் முயலவில்லை. கோயிலே வேண்டாம் என்பவர் கோயிலுக்குள் எல்லோரும் நுழைய வேண்டும் என்று போராடியதில் இருக்கும் முரண்பாட்டை எதிரிகள் எள்ளினார்கள். அடிகளாருக்கோ அந்த முரண்பாடு தன் கடமையை நினைவூட்டும் குரலாகக் கேட்டது.

1969–70இல் பெரியார் கருவறை நுழைவுப் போராட்டத்தை அறிவித்தார். தி.மு.க. அரசு 1970 டிசம்பரில் அறநிலையத் துறைச் சட்டத்தைத் திருத்தி அர்ச்சகர் பதவியின் பரம்பரை உரிமையை நீக்கியது. அடிகளார் அதை ஆதரித்து நின்றார். 1972 மார்ச்சில் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் பரம்பரை உரிமை நீக்கத்தை ஏற்றாலும், நியமனம் ஆகமத்துக்குக் கட்டுப்பட்டது என்று சொல்லி நோக்கத்தைப் பெரிதும் முடக்கிவிட்டது. 1973 டிசம்பரில் பெரியார் மறைந்தார். பயிற்சி பெற்ற பல சாதியார் 24 பேர் அர்ச்சகர்களாக நியமிக்கப்பட்டது 2021 ஆகஸ்ட் 14இல். நாத்திகர் ஒருவரும் மடாதிபதி ஒருவரும் சேர்ந்து கேட்டது கிடைக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. உரையாடலின் பயன் எப்போதும் பேசியவர்களின் வாழ்நாளுக்குள் வந்துவிடுவதில்லை.

5. மறுப்புகள்

இந்த வாசிப்புக்கு எதிராக மூன்று மறுப்புகளை எதிர்பார்க்கலாம். முதலாவது: அடிகளார்–பெரியார் உறவு சமய உரையாடல் அன்று, பிராமணரல்லாதார் அரசியலின் ஒரு கூட்டணி. பொது எதிரி இருந்ததால் சேர்ந்தார்கள். இதில் உண்மை உண்டு. ஆனால் பெரியாருக்கும் இராசாசிக்கும் இடையில் அரசியலிலும் சமயத்திலும் எந்தப் பொது எதிரியும் இல்லை. இராசாசி பிராமணர், வைணவர், கீதைக்கு உரை எழுதியவர். 1972இல் இராசாசியின் இறுதிச் சடங்குக்குச் சக்கர நாற்காலியில் வந்து பெரியார் கலங்கி அழுததைத் தமிழகம் பார்த்தது. அது நட்பு. எனினும் அந்த நட்பு பொதுவெளியில் ஓர் உரையாடலாக விரியவில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். நடுப்பொருள் இல்லாத இடத்தில் அன்பு இருக்கலாம், ஆழமாகவே இருக்கலாம். இருவரையும் சார்ந்த மக்கள் அதில் பங்கேற்க வழியிருப்பதில்லை. ஆகவே இந்த மறுப்பு என் வாதத்தைத் தளர்த்துவதைவிடத் துல்லியமாக்குகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடுமையானது: நெருக்கடி வந்தால் இத்தகைய உரையாடல்கள் எதையும் தடுப்பதில்லை. 1982 மார்ச் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் மண்டைக்காட்டில் கோயில் திருவிழாவின்போது இந்துக்களுக்கும் கிறித்தவ மீனவருக்கும் இடையில் எழுந்த மோதல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. அடுத்தடுத்த நாட்களில் கலவரம் பல ஊர்களுக்குப் பரவியது. அடிகளார் அங்கே சென்று ஊர் ஊராக அமைதிப் பணி செய்தார். மூன்று சமயத்தாரும் கூடும் திருவருட் பேரவை அந்தப் பணியிலிருந்து பிறந்தது. கலவரத்தை எந்த உரையாடலும் முன்கூட்டித் தடுக்கவில்லை என்பது மெய். ஆனால் இரு தரப்பும் நுழையவிடும் ஒரு மனிதர் அன்று இருந்தார் என்றால் அது முப்பது ஆண்டுகள் பிறரோடு பேசிப் பழகியதன் விளைவு. நாத்திகரோடு பேசியவர் என்பதால் கிறித்தவர் அவரை ஐயுறவில்லை; ஆதீனகர்த்தர் என்பதால் இந்துக்கள் அவரைத் தள்ளவில்லை.

மூன்றாவது மறுப்பைத்தான் மிகவும் பொருட்படுத்துகிறேன். யார் பேசினார்கள்? மடாதிபதி, பாதிரியார், தலைவர், புலவர் ஆகியோர்தான். எல்லோரும் ஆண்கள், பெரும்பாலும் ஆதிக்கச் சாதியினர். குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950இல் மோன்ஷனான், லெ சோ ஆகிய இரு பிரெஞ்சுத் துறவியர் நிறுவிய சாந்திவனத்தை இங்கே நினைக்கலாம். பின்னர் பீட் கிரிபித்ஸ் தலைமையில் உலகப் புகழ் பெற்ற அந்த ஆசிரமம் காவி உடுத்து உபநிடதம் ஓதிக் கிறித்தவ வழிபாடு நடத்தியது. கத்தோலிக்கத் திருச்சபை 1965இல் பிற சமயங்களிலும் உண்மை உண்டென்று அறிவிப்பதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே தொடங்கிய துணிவு அது. ஆனால் அந்த உரையாடலில் இந்து என்ற சொல்லுக்கு வேதாந்தி என்றே பொருள் கொள்ளப்பட்டது என்று தலித் இறையியலாளர் குறை கூறினார்கள். கருப்பரும் முனியும் காளியும் அந்த மேசைக்கு அழைக்கப்படவில்லை. அத்தெய்வங்களை வழிபட்ட மக்களின் பிள்ளைகளே தமிழகக் கிறித்தவரில் பெரும்பகுதி. இக்குறை நியாயமானது. நொபிலி தொடங்கிய காலத்திலிருந்தே இந்தப் பேச்சின் மேல்தளம் சாதி ஏணியின் மேல்படியில் அமைந்துவிட்டது.

இந்த மறுப்புக்கு விடையைக் கோட்பாட்டில் தேடுவதைவிடக் குன்றாண்டார்கோவில் வட்டாரத்தின் அண்மை வரலாற்றில் தேடுவதே பொருத்தம்.

6. கற்பாறையும் எழுத்தும்

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரின் உழைப்பும் ஆயிரக்கணக்கான தொண்டர்களின் மாலை நேரமும் சேர்ந்து உருவான இயக்கம் அது. முன்நின்றவரில் பலர் இடதுசாரிகள், பகுத்தறிவாளர். கற்க வந்தவரில் பெரும்பாலோர் பெண்கள்: வயலில் கூலி வேலை பார்த்தவர், கல்லுடைத்தவர், பீடி சுற்றியவர். மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பவர்களும் தொழுகை தவறாதவர்களும் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுபவர்களும் அவர்களுள் இருந்தார்கள். பட்டா போன்று அன்றாட வாழ்வில் அடிபடும் சொற்களிலிருந்து எழுத்து கற்பிக்கப்பட்டது. பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றது இயக்கத்தின் புகழ்பெற்ற பகுதி. அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது, கல்லுடைக்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து கல்குவாரிகளைத் தாமே குத்தகைக்கு எடுத்தது. 1992இல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது.

இதைச் சமய உரையாடலாக எவரும் எண்ணவில்லை. இயக்கத்தாருக்கும் அந்த நோக்கம் இல்லை. அதனால்தான் இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கடவுள் இல்லை என்று கருதிய தொண்டரும் கடவுளை ஒரு நாளும் மறவாத பெண்ணும் மாதக்கணக்கில் மாலைதோறும் எதிரெதிரே அமர்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பாடப்புத்தகம் இருந்தது. மானுடவியலாளர் பிரான்சிஸ் கோடி இவ்வியக்கத்தைப் பற்றி எழுதி 2013இல் வந்த நூலில், கற்பித்தவர்களுடைய அறிவொளிக் கருத்துகள் கிராமத்தின் உறவுமுறைகளோடும் பேச்சோடும் உராய்ந்து மாறிய விதத்தை விரிவாகக் காட்டுகிறார். ஒளி கொடுக்கப் போனவர்கள் தம் சொற்களையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. சமயத்தாரிடையே ஒருவர் மற்றவரால் மாறுவதுதான் உரையாடல் என்றால், தலைவர்களின் மேடைகளைவிட இந்த மாலை வகுப்புகளில்தான் அது நிகழ்ந்திருக்கிறது. மூன்றாவது மறுப்பு கேட்ட பெண்களும் தலித்துகளும் இங்கே பேச்சின் விளிம்பில் நிற்கவில்லை. அவர்கள் இன்றி வகுப்பே இல்லை.

இந்தச் சாதனையை அளவுக்கு மீறிப் புகழ்வதைத் தடுக்க இன்னொரு பெயர் இருக்கிறது: வேங்கைவயல். அதே மாவட்டத்தில், அன்னவாசல் ஒன்றியத்தில், 2022 டிசம்பரில் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது கண்டறியப்பட்டது. விசாரிக்கச் சென்ற ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் பக்கத்து இறையூரில் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருப்பதை அறிந்தனர். அய்யனார் கோயிலுக்குள் தங்களை விடுவதில்லை என்று தலித் மக்கள் சொன்னபோது அவர்களை உடன் அழைத்துக்கொண்டு உள்ளே சென்றனர். அந்த அய்யனாரை வழிபடுவோரும் வெளியே நிறுத்தப்பட்டோரும் ஒரே சமயத்தார், ஒரே தெய்வத்தின் பிள்ளைகள். சமயங்களுக்கிடையே எத்தனை மாநாடு கூட்டினாலும் இந்தக் கோயில் வாசல் அதன் நிகழ்ச்சிநிரலில் வராது. இதைத்தான் அடிகளாரும் பெரியாரும் நடுவில் வைத்துப் பேசினார்கள்.

நூற்றுக்கால் மண்டபமும் சித்தன்னவாசல் ஓவியமும் ஆவூர்த் தேவாலயமும் காட்டுபாவா பள்ளிவாசலும் பாதுகாக்கப்பட வேண்டியவை; அவற்றைச் சுற்றி எழும் பெருமிதமும் தவறில்லை. ஆனால் இவ்வட்டாரத்தில் இனி நடக்க வேண்டிய உரையாடலுக்குப் பங்கேற்பாளர் பட்டியல் தயாரிப்பவர் அர்ச்சகரையும் பங்குத் தந்தையையும் இமாமையும் அழைத்ததோடு நின்றுவிட முடியாது. பகுத்தறிவாளருக்கும் ஒரு நாற்காலி வேண்டும். வேங்கைவயலிலிருந்து ஒரு பெண் வர வேண்டும். பேச்சை எந்தப் பொருளில் தொடங்குவது என்று முதலில் அவரைத்தான் கேட்க வேண்டும்.